கிளச்சும் கியரும்: உழவு இயந்திரத்தில் ஏறும் பிள்ளைகளுக்கு

புரட்டாதிக் கடைசியில் முதல் மழை விழுந்து மண் பதத்துக்கு வந்துவிட்டால் வன்னியில் எந்த உழவு இயந்திரமும் சும்மா நிற்பதில்லை. பகலில் சொந்தக் காணி, இரவில் லைற் வெளிச்சத்தில் வாடகை உழவு. தகப்பன் ஒருவரால் இரண்டு நேரமும் இருக்கையில் இருக்க முடியாது. இப்படியான ஒரு நாளில்தான் வீட்டிலுள்ள பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை முதன்முறையாகத் தனியாக ஏறி அமர்கிறான். இயந்திரத்தை ஸ்ராட் பண்ண அவனுக்குத் தெரியும். சுக்கானைத் திருப்பவும் தெரியும். தெரியாதது அவனுடைய இடது காலின் வேலைதான்.

முன்னைய காலத்தில் இதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பெடியன் முதலில் உதவியாளாகச் சேருவான். இயந்திரத்தைக் கழுவுவான், டீசல் ஊற்றுவான், கலப்பை கொழுவும்போது ஊசி போடுவான். இரண்டு போகம் போனபின் பெரியப்பாவோ மாமனோ அவனை வெறும் வயலில் ஏற்றி, "தம்பி, காலை மெல்ல எடு" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் நடப்பார். அந்த ஒழுங்கை இடப்பெயர்வு அறுத்துவிட்டது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பக்கத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் பொருட்களையும் பிள்ளைகளையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போன உழவு இயந்திரங்களில் பல திரும்பி வரவில்லை. அவற்றை ஓட்டியவர்களிலும் பலர் திரும்பவில்லை. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை அங்கே வளர்ந்த பிள்ளைகள் கலப்பையைக் கண்ணால் கண்டதே குறைவு. பின்னர் இயந்திரம் வந்தது. சிலருக்கு லீசிங்கில், சிலருக்குக் கமக்காரர் அமைப்பின் ஊடாக. பக்கத்தில் நடந்து சொல்லிக் கொடுக்கும் ஆள்தான் வரவில்லை. இன்னும் சொந்தக் காணி விடுபடாமல் வெளியூரில் குத்தகைக்குச் செய்யும் குடும்பங்களின் நிலையும் இதுவே. ஆகையால் அந்த ஆள் சொல்லியிருக்கக்கூடியவற்றை இங்கே எழுதுகிறோம்.

கியர் என்ன செய்கிறது?

நிலத்தில் புதைந்த கல்லை அலவாங்கு போட்டு நெம்பியவர்களுக்குக் கியரை விளங்கப்படுத்துவது கடினமல்ல. நீண்ட அலவாங்கின் நுனியை இரண்டு முழம் கீழே அமத்தினால் கல் நாலு விரல் உயரும். கை அதிக தூரம் போகிறது, கல் கொஞ்சம் அசைகிறது, ஆனால் பெரிய பாரம் அசைகிறது. குறைந்த கியரும் இப்படித்தான். 1964 இல் வெளிவந்து இன்றும் எமது ஊர்களில் ஓடும் மாசி பெர்குசன் 135 ஐ எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 தடவை சுற்றும்போது, லோவில் முதலாம் கியரில் பின்சில்லு ஏறக்குறைய எட்டுத் தடவைதான் சுற்றும். அதே எஞ்சின் வேகத்தில் ஹையில் மூன்றாம் கியருக்குப் போனால் சில்லு எண்பது, தொண்ணூறு தடவை சுற்றும். வேகம் பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது. இழுக்கும் பலம் அதே அளவால் குறைகிறது. எஞ்சின் ஒன்றுதான், அதன் பலத்தை வேகமாகச் செலவழிப்பதா இழுவையாகச் செலவழிப்பதா என்பதைத்தான் கியர்த்தடி தீர்மானிக்கிறது.

கிளச் எதற்கு? டீசல் எஞ்சின் நின்ற நிலையிலிருந்து பாரம் இழுக்காது. அது எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுற்று இறங்கினால் திக்கித் திணறி நின்றுவிடும். சில்லோ ஓடத் தொடங்கும்போது அசையாமல் நிற்கிறது. சுற்றும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் திடீரெனப் பூட்டினால் ஒன்றில் எஞ்சின் நிற்கும், அல்லது இயந்திரம் துள்ளும். இரண்டுக்கும் இடையில் இருப்பதே கிளச்சுத் தட்டு. எஞ்சினுடன் சுற்றும் கனத்த சில்லோடு இந்தத் தட்டை வில்லுகள் இறுக அமத்திப் பிடித்திருக்கின்றன. பெடலை மிதித்தால் அந்த அமுக்கம் விடுபடும், எஞ்சின் தன்பாட்டில் சுற்றும், சில்லுக்குப் பலம் போகாது. பெடலை விட்டுக்கொண்டு வரும்போது தட்டு முதலில் வழுக்கும், பிறகு மெல்லக் கடிக்கும், கடைசியில் முழுதாகப் பிடிக்கும். அந்த வழுக்கும் நேரத்தில்தான் நின்ற சில்லு சுற்றும் எஞ்சினோடு ஒத்துவருகிறது. புதிய சாரதி படிக்க வேண்டியதில் முக்கால்வாசி இந்த ஒரு விடயத்துக்குள் அடங்கிவிடுகிறது: பெடல் எந்த இடத்தில் வரும்போது தட்டு கடிக்கிறது என்பதைக் கால் அறிந்துகொள்ள வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, காது கொஞ்சம் சொல்லும். எஞ்சினின் சத்தம் கனத்துத் தாழும், இருக்கையில் ஒரு சிறு நடுக்கம் தெரியும். அந்த இடத்தில் காலை ஒரு கணம் நிறுத்தி, சில்லு உருளத் தொடங்கிய பிறகு மிச்சத்தை விட வேண்டும்.

முதல் நாள் பாடம்

கலப்பையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். வரம்பு வெட்டாத, கிணறு இல்லாத, காய்ந்த மேட்டுக்காணி போதும். மீளக்குடியேறிய இடமாக இருந்தால் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணி என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும், இதில் ஊகத்துக்கு இடமில்லை.

எஞ்சினை ஸ்ராட் பண்ணுவதற்கு முன்னரே பாதிப் பாடத்தை முடித்துவிடலாம். பிள்ளையை இருக்கையில் இருத்தி, பெடலை அடிவரை மிதிக்க முழங்கால் எட்டுகிறதா என்று பாருங்கள். நுனிக்காலால் எட்டி மிதிப்பவனுக்குக் கடிக்கும் இடம் ஒருபோதும் பிடிபடாது. பிறகு கியர்த்தடியை ஒவ்வொரு கியருக்கும் போட்டு எடுக்கட்டும், கீழே குனிந்து பாராமல் கை தானாகப் போகும்வரை. நியூற்றலில் தடி இடமும் வலமும் தளர்ந்து ஆடும் என்பதையும் கையால் உணர வேண்டும்.

அடுத்து, ஓட்டுவதற்கு முன்னர் நிறுத்தப் பழக்குங்கள். பழைய டீசல் இயந்திரங்களில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் நிற்பதில்லை, டீசலை மறிக்கும் பிடியை இழுத்தால்தான் நிற்கும். காரில் பழகிய பிள்ளைக்கு இது தெரியாது. பயந்த நேரத்தில் அவன் திறப்பைத்தான் தேடுவான். "நிப்பாட்டு" என்று சொன்னவுடன் இடது கால் கிளச்சிலும் வலது கால் பிறேக்கிலும் கை அந்தப் பிடியிலும் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டும்.

இதன் பிறகு ஸ்ராட் பண்ணி, லோ, முதலாம் கியர், எஞ்சின் ஓரளவு மெதுவான சுற்று. உழவு இயந்திரத்தில் அக்சிலேற்றரைக் கையால் ஓர் இடத்தில் வைத்துவிடலாம், ஆகவே புதியவனின் வலது கால் பிறேக்குக்கு மட்டுமே பொறுப்பாக இருக்கட்டும். பத்துக் கவடு தூரம் போக வேண்டும், நிற்க வேண்டும். மறுபடியும் பத்துக் கவடு. ஒரு பின்னேரம் முழுவதும் இதுவே பாடம். பிள்ளைக்கு அலுக்கும். அலுக்கட்டும். லோவில் முதலாம் கியரில் இயந்திரம் நடக்கும் ஆளைவிட மெதுவாகத்தான் போகும், பிழை விட்டாலும் திருத்த நேரம் இருக்கும்.

சொல்லிக் கொடுப்பவர் மட்காட்டில் குந்தியிருந்து சொல்லிக் கொடுப்பது எமது வழக்கம். இதை விட்டுவிட வேண்டும். துள்ளும்போது விழுகிறவர் பின்சில்லுக்கு முன்னால்தான் விழுவார். பக்கவாட்டில், சாரதிக்குத் தெரியும்படி, சில்லுக்கு எட்டாத தூரத்தில் நடந்து வாருங்கள். முன்னாலும் பின்னாலும் நிற்க வேண்டாம்.

பெண்பிள்ளைகளும் இதைப் பழகலாம். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் உழவுக்காக மற்றவர் வாசலில் நாட்கணக்கில் காத்திருந்து பருவம் தப்பிப்போவதை அறியாதவர்கள் எம்மில் இல்லை. கிளச்சு மிதிக்க ஆண்பிள்ளையின் பலம் தேவையில்லை, இருக்கையைச் சரியான தூரத்துக்கு நகர்த்தினால் போதும்.

பிள்ளைகள் பெடலில் விடும் பிழைகள்

அதிகம் காண்பது, ஓடும்போது இடது காலைப் பெடலின் மேல் இளைப்பாற வைப்பது. காலின் பாரத்திலேயே வில்லின் அமுக்கம் சற்றுக் குறையும், தட்டு கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கும், சூடாகும், தேயும். ஏற்றத்தில் நிற்கும்போது பிறேக்கைப் பிடிக்காமல் அரைக் கிளச்சில் இயந்திரத்தைத் தாங்கி வைத்திருப்பதும் இதே கேடுதான். கருகிய மணம் வந்தால் தட்டு எரிகிறது என்று அர்த்தம். தட்டின் விலையோடு இது முடிந்துவிடாது. தட்டை மாற்றுவதற்கு உழவு இயந்திரத்தை நடுவால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். காலபோக நேரத்தில் கராஜில் முறை வரும்வரை காத்திருந்தால் பக்கத்துக் காணி முளைத்திருக்கும்.

பெடலில் மேற்பகுதியில் சிறிது தூரம் பாரமில்லாமல் அசையும் வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். தட்டுத் தேயத் தேய அது குறையும். முற்றாக இல்லாமற் போனால், காலை வைக்காமலேயே கிளச்சு அரைவாசி மிதிபட்ட மாதிரி ஆகிவிடும். போகத் தொடக்கத்தில் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துகொள்வது மலிவான வேலை.

கியர் போடும்போது வரும் கறகறப்பை ஒரு சத்தமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. காரிலும் புதிய லொறியிலும் ஓடிக்கொண்டே கியர் மாற்றலாம், அவற்றில் பற்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் வளையங்கள் உள்ளன. பழைய உழவு இயந்திரங்கள் பலவற்றில் அவை இல்லை. கலப்பை மண்ணில் இருக்கும்போது இயந்திரத்தை நிறுத்தி, பெடலை அடிவரை மிதித்து, இரண்டு மூன்று வினாடி பொறுத்து, பிறகுதான் கியரைப் போட வேண்டும். எண்ணிக்கொண்டு பொறுக்கப் பழக்குங்கள். ஹை, லோ தடியும் அப்படியே, நின்ற இடத்தில்தான் மாற்ற வேண்டும். பொறுக்காமல் அமத்தினால் பல்லின் ஓரம் உடையும். மாசி பெர்குசன் 35, 135 போன்றவற்றில் கியர்ப்பெட்டிக்கும் கலப்பை தூக்கும் ஹைட்ரோலிக் பம்புக்கும் ஒரே ஒயில்தான். உடைந்த இரும்புத் தூள் அந்த ஒயிலோடு பம்புக்குப் போகும். இன்று கறகறத்த கியர் அடுத்த வருடம் தூக்காத கலப்பையாக வந்து நிற்கலாம்.

இன்னொன்று, இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் கிளச்சு இரண்டு படியாக வேலை செய்கிறது. பெடலைப் பாதி மிதித்தால் சில்லுக்குப் போகும் பலம் மட்டும் நிற்கும். அடிவரை மிதித்தால் பின்னால் சுழல் கலப்பைக்குப் போகும் தண்டும் ஹைட்ரோலிக்கும் சேர்ந்து நிற்கும். கலப்பை ஏன் தூக்கவில்லை என்று பிள்ளை திகைக்கும்போது முதலில் அவனுடைய காலைத்தான் பார்க்க வேண்டும்.

உயிருக்கு மோசமான மூன்று இடங்கள்

முதலாவது குளக்கட்டு இறக்கம். வன்னி தட்டையான நிலம் என்கிறோம். ஆனால் குளக்கட்டுக்கு ஏறி இறங்கும் பாதையும், வயலிலிருந்து றோட்டுக்கு ஏறும் மதகும், மணல் ஏற்றும் ஆற்றங்கரையும் எல்லா ஊரிலும் உண்டு. நெல்மூடையோ மணலோ ஏற்றிய பெட்டி பின்னால் இருக்கும்போது, இறக்கத்தில் வேகம் கூடுவதைக் கண்டு பயந்து புதியவன் கிளச்சை மிதிக்கிறான். காரணம் எளிது, அவன் பழகிய வெறும் வயலில் கிளச்சை மிதித்தால் இயந்திரம் நின்றது. இறக்கத்தில் நடப்பது நேர்மாறு. அதுவரை எஞ்சின்தான் கியரின் ஊடாகச் சில்லை மறித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளச்சை மிதித்தவுடன் அந்தப் பிடி விடுபடுகிறது, பாரம் முழுவதும் தள்ளுகிறது. எமது பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிப் பிறேக் கிடையாது. உழவு இயந்திரம் மெதுவானாலும் பெட்டி மெதுவாகாமல், பின்னாலிருந்து தள்ளிக் குறுக்கே மடித்துவிடும். பாதிவழியில் குறைந்த கியருக்கு மாற்றலாம் என்று நியூற்றலுக்கு எடுத்தால் மறுபடி கியர் விழாது. ஆகையால் இறங்கத் தொடங்குமுன் மேட்டில் நிறுத்தி, அந்தப் பாரத்தோடு அதே கட்டை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரைப் போட்டு, கிளச்சில் கால் வைக்காமல் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூற்றலில் உருட்டுவது பொருளாதாரத் தடைக் காலத்தில் சிலருக்குப் பழகிப்போன பழக்கம். அந்தத் தட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் மட்டும் சிலரிடம் நிற்கிறது.

பிறேக் பெடல்கள் இரண்டும் தனித்தனி என்பதையும் சொல்லியாக வேண்டும். வயலில் மடக்கித் திருப்ப ஒரு பக்கப் பிறேக்கை மட்டும் மிதிப்பது வசதி. றோட்டில் அதே பழக்கத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் சுழன்று சாயும். றோட்டுக்கு ஏறுமுன் இரண்டையும் கொழுவியால் இணைக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கப் பிடிக்கும் தூரம் நாலு மடங்காகும் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது சேறு. பின்சில்லு புதைந்துவிட்டது. பிள்ளை லோவில் முதலாம் கியரைப் போட்டு, எஞ்சினை உறுமவைத்து, கிளச்சைத் திடீரென விடுகிறான். எஞ்சினுக்குச் சில்லைச் சுற்ற முடியவில்லை என்றால் அது மற்றதைச் சுற்றும், அதாவது பின் அச்சைச் சுற்றி இயந்திரத்தின் உடம்பையே தூக்கும். முன்சில்லு உயர்ந்து, சாரதி பெடலைத் தேடுமுன் இயந்திரம் பின்னால் கவிழ்ந்துவிடும். மேலே கூண்டு இல்லாத இயந்திரத்தில் அடியில் அகப்படுபவர் அவர்தான். சில்லோடு மரக்குற்றியைக் கட்டி ஏற்றும் வழக்கம் எங்கும் உண்டு. அது சில்லைச் சுற்றவிடாமல் பூட்டுவதால் இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. முன்னுக்கு ஏறுவதற்குப் பதிலாக, கலப்பையைக் கழற்றி, சில்லுக்குப் பின்னால் மண்ணை வெட்டி, ரிவேர்சில் மெல்ல எடுங்கள். முடியாவிட்டால் இன்னொரு இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். இழுக்கும் சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே கொழுவ வேண்டும். கலப்பையின் மேற்கம்பி பூட்டும் உயரமான இடத்தில் கொழுவினால், இழுக்க வந்த இயந்திரமும் கவிழும்.

மூன்றாவது இடம் லாண்ட்மாஸ்டரின் பிடி. சிறிய இயந்திரம் என்பதால் இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமும் கொடுத்துவிடுகிறோம். கையால் சுற்றி ஸ்ராட் பண்ணும்போது பெருவிரலைப் பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் கை தானாக விடுபட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து பிடியின் கீழுள்ள இரண்டு விசைகளில் இருக்கிறது. சமநிலத்தில் இடது விசையை அமத்தினால் இடது சில்லுக்குப் பலம் அறும், வலது சில்லு தள்ளும், இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின் தள்ளுவதில்லை, மறிக்கிறது. அப்போது இடது விசையை அமத்தினால் இடது சில்லு விடுபட்டு வேகமாக உருளும், வலது சில்லு மறிபட்டே நிற்கும், இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். வாய்க்காலைத் தவிர்க்கத் திருப்பியவர் வாய்க்காலுக்குள்ளேயே போய் விழுவது இப்படித்தான். இறக்கத்தில் அந்த விசைகளைத் தொடாமல், குறைந்த கியரில், பிடியையே தள்ளித் திருப்ப வேண்டும். ரிவேர்சில் எடுக்கும்போது பிடி மேலே எழும்பும். பின்னால் மரமோ மதிலோ இருந்தால் இயந்திரத்துக்கும் அதற்கும் இடையில் ஆள் நசிவார். சுழல் கத்திகளை நிறுத்தாமல் ரிவேர்ஸ் போடவே கூடாது.

அனுமதிப்பத்திரம்

வயலுக்குள் பழகுவது வேறு, றோட்டில் ஏறுவது வேறு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் சாரதி அனுமதிப்பத்திரம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை மூன்றும் உண்டு. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பெட்டியுடன் கூடிய இரண்டு சில்லு இயந்திரத்துக்கு "ஜீ 1", நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு "ஜீ" என்று தனி வகுப்புகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது எந்த வகுப்புத் தேவை என்பதைக் கேட்டு எழுதுவியுங்கள், பின்னர் சேர்ப்பதற்கு மறுபடி அலைய வேண்டிவரும்.

அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளை றோட்டில் ஒருவரை அடித்துவிட்டால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு கொடுக்க மறுக்கலாம். வழக்கு பிள்ளையோடு நிற்காமல் இயந்திரச் சொந்தக்காரர்மீதும் வரும். லீசிங் தவணை முடியாத இயந்திரம் பொலிஸ் நிலைய வளவுக்குள் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. விதைப்பு அவசரத்தில், "பக்கத்து வயலுக்குத்தானே, றோட்டில் அரைக் கட்டைதானே" என்று பிள்ளையை அனுப்புகிறவர்கள், அந்த அரைக் கட்டையை மட்டும் தாங்களே ஓட்டிக் கொடுத்துவிட்டு வயலில் வைத்து அவனை ஏற்றிவிடலாம்.